மூன்றாவது ஓலை

அத்தியாயம் 12

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்தபோது செபஸ்தியம்மாள் அடுப்புக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து போயிருந்தது. துணியை எடுத்துத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"இன்னா புள்ள, பால் தீயற வாசன வருது?"

கூடத்திலிருந்து கிறிஸ்துதாஸ் குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லீங்க. பொங்கிடுச்சி."

"சந்தோசத்துல பொங்குது, வுடு."

அவர் சிரித்தார். வெள்ளைச் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மிக்கேல்பாளையம் கோயிலுக்கு அவர்தான் உபதேசியார். பூசைக்கு முன்னால் செபமாலை சொல்ல வைப்பது, சாமியார் வராத நாளில் சாவு வீட்டில் மந்திரம் சொல்வது, ஞாயிறு அறிவிப்புகளைப் படிப்பது எல்லாம் அவர் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் படித்து, தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பார்களே, அந்த ஓலையைப் படிப்பதும் அவர்தான். பனையோலை போய்ப் பிரிண்ட் தாள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஊரில் அதற்கு இன்னும் ஓலை என்றுதான் பேர்.

அன்றைக்கு அவர் மகள் ஷீபாவுக்கு மூன்றாவது ஓலை. அது ஊருக்கே தெரியும்.

ஊருக்குத் தெரியாத ஒன்று செபஸ்தியம்மாளுக்கு மட்டும் தெரியும். அதுதான் அவளை ஒரு வாரமாகத் தின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது ஓலை படித்த அன்று சாயங்காலம், மரவள்ளிக் கொல்லையில் வைத்து ஷீபா அவளிடம் சொன்னாள். மார்ட்டின் மட்டுமில்லை, எந்த ஆண்பிள்ளையும் தனக்கு வேண்டாம் என்றாள். வெள்ளிமலையில் தன்னோடு ஒரே வீட்டில் இருக்கும் மணிமொழி டீச்சர் வெறும் சிநேகிதி இல்லை என்றாள். மலை ஆஸ்பத்திரியில் நர்சு வேலை பார்க்கும் மகளுக்கு நல்லபடியாக ஒரு துணை கிடைத்திருக்கிறதே என்று, பண்டிகைக்குப் பண்டிகை இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பலகாரம் கட்டிக் கொடுத்தவள் செபஸ்தியம்மாள். கேட்டதும் கை ஓங்கிவிட்டது.

அந்த அறையோடு நிறுத்தியிருக்கலாம். செபமாலையைக் கொண்டுவந்து மகள் கையில் வைத்து, அப்பாவிடம் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள்.

"அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சி இன்னும் ஒரு வருசம் ஆவல. அவரக் கொன்னுடாதடி. மார்ட்டினக் கட்டிக்கோ."

ஷீபா அழவில்லை. சரி என்றாள். அன்றிலிருந்து அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு சரி.

*

"செபஸ்தி, பேரு படிக்கறப்ப தொண்ட அடைச்சிக்குமோனு பயமா இருக்குது. போன வாரமே தடுமாறிடுச்சி" என்றார் கிறிஸ்துதாஸ், பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"மாத்தர போட்டுக்கினீங்களா?"

"பூசைக்கு அப்புறம்தான். இன்னா புதுசா கேக்கற?"

நன்மை என்கிற நற்கருணை வாங்கும்முன் அவர் பச்சைத் தண்ணீரும் தொடமாட்டார். ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று சாமியாரே சொல்லியும் கேட்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையும் ஆண்டவருக்கு அப்புறம்தான். அப்படிப்பட்ட மனிதர்.

கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் எதிர்த்துக்கொண்டு நிற்பது சுலபம். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று டெல்லியில் வழக்கு நடந்து, பெரிய கோர்ட்டு முடியாது என்று சொன்னதல்லவா? அந்த வாரம் பூசை நடுவே சொல்லும் விசுவாசிகள் மன்றாட்டில் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு நன்றி மன்றாட்டைச் சேர்த்துப் படித்தவர் அவர். "ஆணும் பொண்ணும்னு ஆண்டவரு வெச்சாரு. அத மாத்த நாம யாரு?" என்று வீட்டுக்கு வந்தும் சொன்னார். யார் மேலும் கோபமில்லை, வெறுப்பில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அன்றைக்குக் கோயில் முழுக்க "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொன்னது. லீவில் வந்திருந்த ஷீபாவும் அம்மா பக்கத்தில் நின்று அதைச் சொன்னாள். நல்ல கணீர்க் குரல் அவளுக்கு. அந்தக் குரல் இந்த ஒரு வாரமாகச் செபஸ்தியம்மாளைத் தூங்கவிடவில்லை.

"தோ பாரு, நேத்தே சாமியாரு வாட்சப்புல அனுப்பிச்சிட்டாரு. பிரிண்ட் எடுத்துக்கினு வந்தேன்."

கிறிஸ்துதாஸ் அறிவிப்புத் தாளை நீட்டினார். முதல் அறிவிப்பே ஷீபாவின் பேர்தான்.

செபஸ்தியம்மாள் அதை மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

நேற்றுச் சாயங்காலம் அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்தாள். கம்பித் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டு, ஷீபா சொன்னதையும் தான் அறைந்ததையும் சத்தியம் வாங்கியதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"நீங்க பொண்ணோட பாவத்தப் பத்தியே பேசறீங்கம்மா. அவ வாய அடைச்சது யாரு?" என்றார் பங்குசாமியார். "இங்க சொன்னது இதோட பொதைஞ்சிடும். வெளிய வந்து எங்கிட்ட சொல்லுங்க."

சரி சாமி என்றாள். வெளியே வந்தாள். மாதாவின் சிலைக் குகையான கெபி முன்னால் அபராதச் செபத்தைச் சொன்னாள். நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். சொல்லியாகிவிட்டது, சாமியாருக்குத் தெரிந்துவிட்டது, இனி அவர் ஏதாவது சாக்குச் சொல்லி ஓலையை நிறுத்திவிடுவார் என்று ஒரு நிம்மதி. பாரத்தை இறக்கி வைத்தவள் மாதிரி ஒரு வாரம் கழித்துச் சாப்பிட்டாள்.

நிறுத்துவாரா? பாவசங்கீர்த்தனத்தில் காதில் விழுந்ததைச் சாமியார் கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லமாட்டார், அதை வைத்து ஒரு துரும்பையும் அசைக்கமாட்டார் என்று முதல் நன்மை வகுப்பில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவளே செபஸ்தியம்மாள்தான். கேள்வி கேட்டு, பதில் தப்பாகச் சொன்ன பிள்ளையைத் தலையில் குட்டியிருக்கிறாள். தனக்கென்று வந்தபோது அந்தப் பாடம் சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஊரிலேயே உதவி செய்ய முடிந்த ஒரே மனிதரின் கையையும் வாயையும் அவளே போய்க் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

"நல்லா இருக்குதா?" என்று கேட்டார் கிறிஸ்துதாஸ்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள்.

*

அவர் கோயிலுக்குக் கிளம்பிப் போனதும் போன் அடித்தது. மார்ட்டின்.

கள்ளக்குறிச்சியில் மின்வாரியத்தில் வேலை. தாயில்லாப் பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, அத்தை அத்தை என்று வாய் ஓயாமல் கூப்பிட்டுச் செபஸ்தியம்மாளின் மனதில் இடம் பிடித்தவன்.

"அத்த, எங்க கோயில்ல மொத பூசையிலயே மூணாவது ஓல படிச்சாச்சு."

"சந்தோசம் தம்பி."

"ஷீபா போன எடுக்க மாட்டுது அத்த. மூணு வாரமா ரெண்டு வார்த்தைக்கு மேல பேசல. கூச்சம்னு நெனச்சேன். இப்ப எனக்கே ஒரு மாதிரியா இருக்குது." அவன் தயங்கினான். "அதுக்கு இஷ்டம்தான? எதுனா இருந்தா இப்பவே சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன். கட்டிக்கினு வந்து, அதுவும் அழுதுக்கினு நானும் அழுதுக்கினு கெடக்க முடியாது."

எவ்வளவு நல்ல பிள்ளை. இவனுக்கா இந்தத் துரோகம் செய்கிறோம் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் வேறு சொன்னது.

"ஒண்ணுமில்ல தம்பி. பொறந்த வூட்ட வுட்டுப் போறமேனு இருக்கும் பாவம். வேற இன்னா?"

"அவ்ளோதான? அப்ப சரி அத்த."

அவன் குரலில் வந்த சந்தோஷத்தை அவளால் கேட்க முடியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

ஷீபா பின்கட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஓலை படிக்கும் பூசைக்குக் கல்யாணப் பெண் போகக் கூடாது என்பது அந்த ஊர்ப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இருப்பது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

"மார்ட்டின் பேசிச்சி. நீ எடுக்கறதே இல்லயாமே."

"எடுத்து இன்னா பேசட்டும்?"

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் பூடும்டி."

ஷீபா நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லாத பார்வை.

"நெசமா உனக்கு அப்படித் தோணுதாம்மா?"

செபஸ்தியம்மாள் உரித்த பூண்டைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டாள்.

"வேற ஒருத்தர் வாழ்க்கைய கெடுக்கறோம்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ அப்பாவுக்காகச் செய்யற. நான் உனக்காகச் செய்யறேன்." ஷீபா மறுபடி பூண்டை எடுத்தாள். "பயப்படாத. சத்தியத்த மீற மாட்டேன். ரெண்டாவது மணி அடிச்சிடுச்சி பாரு, போ."

மகள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஆறுதல் சொல்லி அனுப்பியதுதான் தாங்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகத் தெருவில் இறங்கினாள்.

*

கோயில் வாசல் வேப்பமரத்தடியில் ஒரு ஸ்கூட்டி நின்றது. பக்கத்தில் மணிமொழி.

மலைப்பாதையில் பனியில் இறங்கி வந்திருக்கிறாள். துப்பட்டா ஈரமாக ஒட்டிக்கிடந்தது. வண்டியில் இரண்டு ஹெல்மெட் தொங்கின. ஒன்றில் ஷீபா ஒட்டிய மாதா ஸ்டிக்கர். தனியாக வரும்போதும் அதைக் கழற்றி வைக்கவில்லை.

செபஸ்தியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்கு வந்த? நடுக்கோயில்ல நின்னு எங்க மானத்த வாங்கறதுக்கா?"

"இல்லீங்கம்மா. ஷீபாவும் வராதன்னுதான் சொல்லிச்சி." மணிமொழியின் கண் சிவந்திருந்தது. "அவ பேரப் படிக்கறத ஒரு தடவ காதால கேட்டுட்டா மனசு அடங்கும்னு வந்தேன். கேட்டுட்டுப் பூடுவேன்."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா நீ இங்க நிக்கிறது?"

"அவருக்கு எல்லாம் தெரியும். எங்க ஊரு நைனார்பாளையத்துக்கு நான் போயி ரெண்டு வருசம் ஆவுது. எனக்குப் புத்தி வரணும்னு மாரியாத்தாளுக்குத் தீச்சட்டி நேர்ந்துக்கினு, வருசா வருசம் எடுக்கறாரு. கையி வெந்து போய்க் கெடக்குதாம். எங்கம்மா சொல்லிச்சி."

முன்பின் பார்த்திராத மணிமொழியின் அப்பா செல்லமுத்துவின் கையை நினைத்ததும் செபஸ்தியம்மாளின் கோபம் கொஞ்சம் இறங்கியது. அவருக்குத் தீச்சட்டி, தனக்குச் செபமாலை. சாமிதான் வேறே தவிர இரண்டு வீட்டு வேண்டுதலும் ஒன்றுதான்.

"நீங்க ரெண்டு பேரும் செய்யறது பாவம்" என்றாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இந்த வாரம் முழுக்கச் செபித்தும் அது மாறவில்லை.

"இருக்கட்டும்மா. கோர்ட்டு கல்யாணம் இல்லனுடுச்சி. உங்க கோயிலும் இல்லனுது, எங்க வூட்லயும் இல்லனுட்டாங்க. நாங்க யாராண்டயும் தாலி எடுத்துக் குடுங்கனு கேக்கல." மணிமொழி குரல் உடைந்தது. "அவள பொய் சொல்ல வெக்காதீங்க. அது மட்டும்தாம்மா. நாலு வருசத்துல அவ ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல. நீங்க அப்படித்தான வளத்தீங்க."

செபஸ்தியம்மாள் உள்ளே நடந்தாள்.

சக்ரீஸ்து என்கிற பின்னறையில் பங்குசாமியார் பூசை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நேராக அங்கே போனாள்.

"ஸ்தோத்திரம் சாமி."

"ஸ்தோத்திரம். ஏதாவது சொல்லணுமாம்மா?"

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேற்றுக் கேட்ட எதுவும் அந்த முகத்தில் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். இடுப்புக் கயிற்றைக் கட்டிய கை அப்படியே நின்றது.

சொல்லத்தான் வாய் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கிறிஸ்துதாஸ் அறிவிப்புத் தாளோடு உள்ளே வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா புள்ள, இங்க நிக்கிற?"

"ஒண்ணுமில்லீங்க" என்று வெளியே வந்துவிட்டாள்.

இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று முறை மறுதலித்தார். மார்ட்டினிடம் ஒன்று, சாமியாரிடம் ஒன்று என்று தான் காலையிலேயே இரண்டு முறை முடித்துவிட்டதை எண்ணியபடி பெண்கள் பக்கம் போய் முழங்கால் போட்டாள்.

*

பூசை நடந்தது. என்ன வாசகம் வாசித்தார்கள், என்ன பிரசங்கம் செய்தார்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. எல்லாரும் நன்மைக்கு எழுந்து போனபோது அவள் போகவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். உபதேசியார் பெண்சாதி நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இரண்டு மூன்று முக்காடுகள் திரும்பின.

திரும்பிய தலைகளுக்கு மேலாக அவளும் பின்னால் பார்த்தாள். வாசல் தூண் ஓரமாக மணிமொழி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றிருந்தாள். இந்தக் கோயிலில் எப்போது உட்கார்வது, எப்போது எழுவது என்று தெரியாமல், கடைசி வரையில் நின்றுகொண்டே இருந்தாள்.

கிறிஸ்துதாஸ் மைக்குக்கு முன்னால் வந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"மெய்விவாக அறிவிப்பு. நம் பங்கைச் சேர்ந்த கிறிஸ்துதாஸ், செபஸ்தியம்மாள் இவர்களின் மகள் ஷீபாவும்..." குரல் கரகரத்தது. கோயிலில் சின்னதாகச் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "கள்ளக்குறிச்சிப் பங்கைச் சேர்ந்த மார்ட்டினும் மெய்விவாகம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். இது மூன்றாவதும் கடைசியுமான அறிவிப்பு. இவர்களுக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள், அதைப் பங்குசாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன வாக்கியம். அது படிக்கும்போது பெண்கள் செருப்பைத் தேடுவார்கள், ஆண்கள் வண்டிச் சாவியைத் தடவுவார்கள். யாரும் பதில் சொல்லிக் கேட்டதே இல்லை.

செபஸ்தியம்மாள் எழுந்து நின்றாள்.

போகிறாள் என்றுதான் பக்கத்தில் இருந்தவள் காலை மடக்கி வழிவிட்டாள். அவள் போகவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிஷம் கோயிலில் குழந்தைகூட அழவில்லை.

"இன்னா புள்ள, உக்காரு." கிறிஸ்துதாஸ் பதறிச் சொன்னது மைக்கில் போய்த் தெரு முனை வரை கேட்டது.

"தட இருக்குதுங்க. எனக்குத் தெரியும்."

அவள் உட்காரவில்லை. பங்குசாமியார் பீடத்துப் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் முகத்தில் இப்போதுதான் ஏதோ இளகியது.

"பூசை முடிஞ்சதும் சக்ரீஸ்துக்கு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கைகளை விரித்து எல்லாருக்கும் ஆசீர் கொடுத்தார்.

*

"நடுக்கோயில்ல ஏன்? எங்கிட்ட வூட்ல சொல்ல வேண்டியதுதான?"

சக்ரீஸ்துக் கதவைச் சாத்தியதும் கிறிஸ்துதாஸ் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒண்டியா சொல்லத்தான் பாத்தேங்க. வாய் வரல. ஊரு பாக்க எழுந்துட்டா அப்புறம் பின்வாங்க முடியாதுனுதான் எழுந்தேன்." அவள் சாமியாரைப் பார்த்துச் சொன்னாள். "சாமி, பொண்ணுக்குச் சம்மதம் இல்ல. நான்தான் சத்தியம் வாங்கி அவ வாயக் கட்டினேன்."

"யாரு அவன்?" என்றார் கிறிஸ்துதாஸ்.

அவள் குனிந்துகொண்டாள்.

"கேக்கறேன்ல. எந்தூரு பையன்? யாரு?"

"பையன் இல்லீங்க."

அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவர் மனதில் அதற்கு இடமே இல்லை. அவளே சொல்லவேண்டி வந்தது.

"மணிமொழி."

கிறிஸ்துதாஸ் மெதுவாக நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"கிறிஸ்மஸுக்கு நம்ம வூட்டுக்கு வந்து குடில் கட்டிக் குடுத்ததே, அந்தப் பொண்ணா?"

"ஆமாங்க."

கிறிஸ்துதாஸ் சாமியாரைப் பார்த்தார். குரலில் கெஞ்சல் இருந்தது.

"சாமி, இது தடையா? புள்ள புத்தி தடுமாறி நிக்கிது. கட்டி வெச்சா சரியாயிடும். இதப் போயி எப்படி சாமி தடைனு..."

"உபதேசியாரே, அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கறத நம்ம சபை கல்யாணம்னு ஏத்துக்காது. அத மாத்தற அதிகாரம் எனக்கு இல்ல. மாத்தணும்னு நான் சொல்லவும் இல்ல." சாமியார் பூசை உடுப்பைக் கழற்றி மடித்தார். "அதே சபைதான் சொல்லுது, மனசுல சம்மதம் இல்லாம வாயால சொன்னா அதுவும் கல்யாணம் இல்லனு. ஒரு பொய்ய பீடத்துக்கு முன்னாடி நிக்க வெச்சி நான் கைய ஒசத்தி ஆசீர்வாதம் பண்ணட்டுமா? நீங்கதான் இத்தன வருசமா கல்யாண ஜோடிங்களுக்கு மந்திரம் சொல்லிக் குடுக்கறீங்க. நீங்களே சொல்லுங்க."

கிறிஸ்துதாஸ் கையிலிருந்த அறிவிப்புத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு இது ஆவாது சாமி. சாவற வரைக்கும் ஆவாது" என்றார். கதவைத் திறந்தவர் திரும்பி நின்றார். "நெஞ்சு இருக்குது, ஸ்டென்ட் இருக்குதுனு சொல்லி என் பேரச் சாக்கு வெச்சி புள்ள வாய அடைச்சியா செபஸ்தி? என்ன ஒரு வார்த்த கேக்கலயே நீ."

அவள் பின்னாலேயே ஓடி வருவதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார். கூட்டம் கலையாமல் கும்பல் கும்பலாக நின்று அவரைப் பார்த்தது. வேப்பமரத்தடியில் மணிமொழி ஒடுங்கி நின்றாள். கிறிஸ்துதாஸ் அவளைப் பார்த்தார். வண்டியில் தொங்கிய இரண்டு ஹெல்மெட்டையும் பார்த்தார். மாதா ஸ்டிக்கரில் கண் போய் நின்றது. ஏதோ கேட்கப் போகிறவர் மாதிரி உதடு அசைந்தது. ஒன்றும் கேட்காமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

வீட்டுப் பக்கம் போகவில்லை. சங்கராபுரம் ரோட்டில் திரும்பினார்.

*

"சொல்லிட்டேன்டி" என்றாள் செபஸ்தியம்மாள், வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக. கெபி முன்னால் வெகு நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் அவளுக்கு நடக்கக் கால் வந்திருந்தது.

ஷீபா கையில் கரண்டியோடு நின்றாள். புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் அவளுக்கு வந்தது சந்தோஷமில்லை. முதலில் வந்தது பயம்தான்.

"அப்பா எங்க?"

"வூட்டுக்கு வரலியா?"

"வரல."

ஷீபா ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். நர்சு அல்லவா, அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது. காலை மாத்திரை டப்பாவில் அப்படியே இருந்தது. பூசைக்கு அப்புறம் போட வேண்டியது. தண்ணீர்ச் செம்பும் மூடி வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஒண்ணுமே சாப்புடாம, மாத்தர இல்லாம, எங்கம்மா போனாரு?" மாத்திரையை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அழுதாள். செபஸ்தியம்மாள் அவளைப் பிடித்து இழுத்து, தான் அறைந்த கன்னத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சரி என்று சொல்ல அவளால் முடியவில்லை. தள்ளி நிற்கவும் முடியவில்லை.

போன் அடித்தது.

"அத்த." மார்ட்டின் குரல் குழம்பிப் போயிருந்தது. "மாமா எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. வண்டிய வுட்டு எறங்க மாட்றாரு. மொகமெல்லாம் வேர்த்து வழியுது. இன்னா மாமானு கேட்டா, மூணு தடவ வாயத் தெறந்தாரு, பேச்சு வரல. உங்க அத்தையாண்ட கேளுன்றாரு. இன்னா அத்த நடந்துச்சி?"

செபஸ்தியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மனிதர் யாரையும் அனுப்பவில்லை, போனில் சொல்லவில்லை. ஏமாற்றப்பட இருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வெறும் வயிற்றோடு வெயிலில் அவ்வளவு தூரம் போயிருக்கிறார். போனவருக்கு வாய் வரவில்லை.

"தம்பி, மொதல்ல அவர எறக்கி உக்கார வெச்சி, கொஞ்சம் தண்ணி குடு. மாத்தர போடல அவரு. தோ, ஷீபா மாத்தர பேர எழுதி அனுப்பும், கடையில வாங்கிக் குடு."

"சரி அத்த. அப்புறம்?"

வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஷீபா அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். போகலாமா என்று கண்ணால் கேட்டாள். செபஸ்தியம்மாள் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"தம்பி, காலைல நீ எங்கிட்ட ஒண்ணு கேட்ட. நான் உன்னாண்ட பொய் சொன்னேன். இப்ப நெசத்த சொல்றேன். மாமா பக்கத்துலயே உக்காந்துக்கினு கேளு."

வாசல் கதவு தட்டப்பட்டது.